நிலத்தடிக் கணக்கை வெளியிடுங்கள்: வெப்பக் குழாய் உற்பத்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வடக்கு ஐரோப்பிய நகரங்களின் தெருக்களுக்கடியில் ஓடும் வெப்பக் குழாய்களைச் செய்து தரும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும், ஆய்வுப் பிரிவுத் தலைவர்களுக்கும், மேலாளர்களுக்கும்,

தாழ்வெப்பநிலைப் பொதுவெப்ப விநியோகத்தை ஆராயும் திட்டங்களில், பல்கலைக்கழகங்களுக்கும் நகராட்சிகளுக்கும் ஆலோசனைப் பொறியாளர்களுக்கும் அருகில் உங்கள் பெயரும் கூட்டாளிகளின் வரிசையில் இடம்பெறுகிறது. அத்திட்டங்களின் அறிக்கைகளைப் படிப்பவர், வீட்டினுள் பொருத்திய கருவிகள் எப்படி இயங்கின, குடியிருந்தோர் எவ்வளவு வெந்நீர் செலவிட்டனர், நிலையத்திலிருந்து கிளம்பிய நீர் எத்தனை பாகைச் சூட்டோடு வாசலை எட்டியது என்பதையெல்லாம் விரிவாகவே அறிந்துகொள்கிறார். குழாயைப் பொறுத்தவரை வகையும் விட்டமும் கணக்கிட்ட இழப்பும் ஓர் அட்டவணைக்குள் அடங்கிவிடுகின்றன. பத்து ஆண்டோ இருபது ஆண்டோ மண்ணுக்குள் கிடந்த பின் அக்குழாய் என்ன நிலையில் இருக்கும் என்ற கேள்விக்கு அங்கே போதிய இடம் கிடைப்பதில்லை. அதற்கு விடை தரக்கூடிய பொருளும் கருவியும் அனுபவமும் உங்களிடமே உள்ளன என்பதால்தான் இம்மடல் உங்களுக்கு எழுதப்படுகிறது.

நீங்கள் நன்கறிந்த ஒன்றை, இதை உடன் படிக்கும் பிறருக்காகச் சுருக்கமாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஓரிடத்தில் சூடாக்கிய நீரை நிலத்தடிக் குழாய் வழியே ஒரு நகரத்தின் வீடுகளுக்கெல்லாம் அனுப்பி, வெப்பத்தை இறக்கிவிட்ட நீரை மறு குழாய் வழியே நிலையத்திற்கே திருப்பிக் கொண்டுவரும் ஏற்பாடே பொதுவெப்ப விநியோகம் எனப்படுகிறது. டென்மார்க்கில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு வீடுகள் இவ்வகையில் வெப்பம் பெறுகின்றன. 1980களில் இலங்கையிலிருந்து புகலிடம் தேடிச் சென்று அங்கே வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களில் பலவற்றின் வீட்டு ரேடியேட்டரையும் குளிர்காலத்தில் சூடாக்குவது இந்த நீர்தான். தொடக்கத்தில் நீராவியும், பின்னர் 100 பாகைக்கு மேற்பட்ட அழுத்த நீரும், 1970களிலிருந்து அதற்குக் குறைந்த சூட்டில் முன்காப்பிட்ட குழாய்களில் ஓடும் நீரும் என்று மூன்று தலைமுறைகளைக் கடந்து வந்த இம்முறையின் நான்காம் தலைமுறையை, ஆல்போர் பல்கலைக்கழகத்தின் ஹென்ரிக் லுண்டும் அவருடைய சகஆய்வாளர்களும் 2014இல் வரையறுத்தனர். செல்நீர் 50 முதல் 60 பாகைக்குள்ளும் திரும்பு நீர் 25 பாகையை ஒட்டியும் இருக்க வேண்டும் என்பதே அவ்வரையறையின் சாரம்.

இவ்வளவு குறைந்த சூடு ஏன் வேண்டும் என்பதற்கு விடை சுலபமானது. தொழிற்சாலைகளும் தரவு மையங்களும் வெளியேற்றும் வெப்பத்தையும், வெப்ப விசைக்குழாய் என்னும் ஹீட் பம்ப் தரும் வெப்பத்தையும் 80 பாகைக்கு உயர்த்துவதைவிட 55 பாகைக்கு உயர்த்துவதற்கு மின்சாரம் குறைவாகவே செலவாகும். குழாயின் பக்கம் கிடைக்கும் ஆதாயமும் சிறிதன்று. ஆண்டுச் சராசரி மண்வெப்பம் 8 பாகை எனக் கொண்டால், 80 பாகையில் சென்று 40 பாகையில் திரும்பும் குழாய் வலையின் சராசரி நீர்ச்சூடு மண்ணைவிட 52 பாகை கூடுதலாக இருக்கும். 55 பாகையில் சென்று 25 பாகையில் திரும்பும் வலையில் அந்த வேறுபாடு 32 பாகையாகக் குறைகிறது. ஆக, குழாயில் எந்த மாற்றமும் செய்யாமலே இழப்பு ஐந்தில் இரு பங்களவு குறையும். ஆனால் அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. செல்நீருக்கும் திரும்பு நீருக்கும் உள்ள வேறுபாடு 40 பாகையிலிருந்து 30 பாகையாகச் சுருங்குவதால், அதே அளவு வெப்பத்தைக் கொண்டுசேர்க்க மூன்றில் ஒரு பங்கு கூடுதல் நீரை ஓட்ட வேண்டும். அதைக் காரணம் காட்டிக் குழாயின் விட்டத்தைப் பெருக்கினால் மேற்பரப்பு பெருகி, கிடைத்த ஆதாயத்தில் ஒரு பகுதி மண்ணுக்கே திரும்பிப் போய்விடும். சூட்டைக் குறைப்பது நிலையத்தாரின் முடிவு என்றாலும், அந்த முடிவின் பயன் நிலைக்குமா என்பதைக் குழாய்தான் தீர்மானிக்கிறது.

இதை நீங்களே செயலில் நிறுவியிருக்கிறீர்கள். ஆர்ஹூஸ் நகரை அடுத்த லிஸ்ட்ரப்பில், ரிங்கோர்டன் வீட்டுவசதிக் கழகம் கட்டிய 40 குறைவெப்பத் தேவை வரிசை வீடுகளுக்கு 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமைக்கப்பட்ட வலையில், டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடும் டான்ஃபோஸ், கோவி ஆகிய நிறுவனங்களோடும் லோக்ஸ்டோர் என்ற குழாய் நிறுவனம் கைகோத்து நின்றது. செல்குழாயையும் திரும்பு குழாயையும் ஒரே காப்புறைக்குள் அடக்கிய இரட்டைக் குழாய்கள் அங்கே பதிக்கப்பட்டன. வீட்டு இணைப்புகளுக்கு நெகிழிக்கு நடுவே அலுமினியத் தகடு பொதிந்த, கையால் வளைக்கக்கூடிய மெல்லிய குழாய்கள் பயன்பட்டன. வாசலில் ஏறத்தாழ 50 பாகைச் சூடே கிடைத்தபோதிலும் வீடுகள் கதகதப்பாக இருந்தன, குளியலறையில் வெந்நீரும் குறைவின்றி வந்தது. வழக்கமான வடிவமைப்பில் 41 விழுக்காடாக இருந்திருக்கும் எனக் கணக்கிடப்பட்ட இழப்பு 17 விழுக்காட்டை ஒட்டியே அளவிடப்பட்டது. கோபன்ஹேகனுக்கு மேற்கே ஹோயே டாஸ்ட்ரப்பில் உள்ள சோண்டர்பி குடியிருப்பில் பாடம் இன்னும் கூர்மையானது. 1990களின் இறுதியில் கட்டிய 75 தனி வீடுகளின் பழைய வலையில் 40 விழுக்காட்டளவு வெப்பம் மண்ணிலேயே வீணாகிக்கொண்டிருந்தது. குழாய்களை மாற்றிச் சூட்டையும் 55 பாகைக்குக் குறைத்த பின் அது 14 விழுக்காட்டை ஒட்டி வந்து நின்றது.

லிஸ்ட்ரப்பில் நிகழ்ந்த இன்னொன்று உங்கள் பங்கின் தன்மையைத் தெளிவாகக் காட்டுகிறது. சில வீடுகளில் வலைநீரையே சிறு தொட்டியில் சேமித்து வைக்கும் கருவியும், மற்ற வீடுகளில் தேவைப்படும் கணத்தில் குழாய்நீரைச் சூடாக்கும் வெப்பப் பரிமாற்றியும் பொருத்தப்பட்டன. தொட்டி உள்ள வீடு வெப்பத்தை நாள் முழுவதும் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்ளும் என்பதால் அதன் இணைப்புக் குழாய் மெல்லியதாக இருந்தாலே போதும். பரிமாற்றி உள்ள வீட்டுக்கோ, குளிப்பவர் குழாயைத் திறக்கும் அதே நொடியில் முழு வெப்பமும் வேண்டும் என்பதால் குழாய் சற்றுப் பெரியதாக வேண்டும். அதாவது வீட்டினுள் என்ன வைப்பது என்ற முடிவும் தெருவில் எதைப் பதிப்பது என்ற முடிவும் ஒரே மேசையில் எடுக்கப்பட வேண்டியவை. வடிவமைப்பு முடிந்த பின் விலைப்பட்டியலோடு வந்து நிற்பவராக நீங்கள் இருந்திருந்தால் அந்த ஒப்பீடே சாத்தியமாகியிருக்காது. ஸ்வென்ட் ஸ்வென்சன் தலைமையில் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்த சமச்சீரற்ற இரட்டைக் குழாய்க்கும் இது பொருந்தும். செல்குழாயை உறையின் மையத்தை நோக்கி நகர்த்தினால் இழப்பு மேலும் குறையும் என்று கணினி காட்டிவிடும். அதைத் தொழிற்சாலையின் உற்பத்தி வரிசையில் பிசகின்றிச் செய்ய இயலுமா, செய்தால் விலை என்னவாகும் என்பதைச் சொல்ல உங்களைத் தவிர எவரும் இல்லை.

இத்தனை சிறப்புக்கும் உரியவர்கள் என்பதாலேயே உங்கள்மீது ஒரு குறையும் வைக்க வேண்டியுள்ளது.

முன்காப்பிட்ட குழாயின் உயிர், உட்குழாய்க்கும் பாலித்தீன் மேலுறைக்கும் இடையே நிரம்பியுள்ள பாலியூரித்தேன் நுரையில் இருக்கிறது. அந்த நுரை காப்பாகப் பயன்படுவதற்குக் காரணம், அதன் எண்ணற்ற நுண்ணறைகளுக்குள் அடைபட்டிருக்கும் வாயு காற்றைவிட மிகக் குறைவாக வெப்பத்தைக் கடத்துவதே. ஓசோன் படலத்தைக் காக்கும் 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைக்குப் பின் பழைய குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் கைவிடப்பட்டு, இன்று பெரும்பாலும் சைக்ளோபென்டேனும் கார்பன் டைஆக்சைடும் அவ்வறைகளை நிரப்புகின்றன. பாலித்தீன் மேலுறை நீரைத் தடுக்குமே தவிர வாயுவை முற்றிலும் தடுக்காது. கார்பன் டைஆக்சைடு விரைவாகவும் சைக்ளோபென்டேன் மிக மெதுவாகவும் வெளியே கசிய, மண்ணிலுள்ள காற்று உள்ளே புகுந்து அவற்றின் இடத்தைப் பிடிக்கிறது. ஸ்வீடனின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் பல ஆண்டுகள் ஆராய்ந்த இந்த வாயுப் பரவலை மட்டுப்படுத்த, மேலுறைக்கு உட்புறம் அலுமினியத்தாலோ தனிவகை நெகிழியாலோ ஆன தடுப்புப் படலத்தை நீங்கள் சேர்க்கிறீர்கள்; நெகிழ்குழாய்களில் இது நல்ல பயன் தருகிறது. ஆனால் எல்லா வகையிலும் எல்லா விட்டத்திலும் படலம் இருப்பதில்லை.

ஆலையிலிருந்து வெளிவரும்போது நுரையின் வெப்பக் கடத்துதிறன், அதாவது ஒரு பொருள் வெப்பத்தைக் கடத்தும் அளவு, 0.023 ஆக இருந்து, ஆண்டுகள் செல்லச் செல்ல 0.027 ஆக உயர்ந்துவிட்டது எனக் கொள்வோமானால், இழப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடிவிடும். 17 விழுக்காடு இழக்கும் வலை அப்போது 19 விழுக்காட்டைத் தாண்டி இழக்கத் தொடங்கும். பழைய வீடுகளைக் கொண்ட பழைய வலையில் இந்த உயர்வு பெரிதாகத் தெரியாமல் போகலாம். புதிய வீடுகள் மிகக் குறைவான வெப்பத்தையே வாங்குவதால், தாழ்வெப்பநிலை வலைகளில் இழப்பின் ஒவ்வொரு விழுக்காடும் கட்டணச் சீட்டில் தெரியக்கூடியது. உங்களுள் சிலர் முதுமையைக் கணக்கில் சேர்த்தே இழப்பைக் கணக்கிட்டுக் கொடுக்கிறார்கள் என்பது பாராட்டத்தக்கது. அக்கணக்கு எந்தக் குழாய்களை வெட்டி அளந்து பெறப்பட்டது, எத்தனை ஆண்டுகள் மண்ணில் கிடந்தவை அவை, தடுப்புப் படலம் உள்ளவையா இல்லாதவையா என்பது வாங்குபவருக்கும் தெரிய வேண்டும். அங்கேதான் மௌனம் தொடங்குகிறது.

மூட்டுகளைப் பற்றிய மௌனம் இதைவிடப் பெரியது. ஆலையில் சீரான சூட்டில் உருவாகும் குழாய்களை ஒன்றோடொன்று இணைக்கும் வேலை, நவம்பர் மழையில் சேறு தேங்கிய பள்ளத்தில் மண்டியிட்டுக் குனிந்திருக்கும் ஒரு தொழிலாளியின் கையில் நடக்கிறது. உட்குழாயைப் பற்றவைத்த பின், நுரைக்குள் ஓடும் இரு செப்புக் கம்பிகளை, பின்னாளில் ஈரம் புகுந்தால் மின்தடையின் மாற்றத்தைக் கொண்டு காட்டிக்கொடுக்கும் அந்தக் கம்பிகளை, அவர் முறுக்கி இணைக்க வேண்டும், மேலுறையின் முனைகளைத் துடைத்துச் சுரண்டி உலர்த்தி, மூட்டு உறையை அதன்மீது நகர்த்திச் சுடரால் வாட்டிச் சுருக்க வேண்டும், 0.2 பார் காற்றழுத்தம் ஏற்றிச் சவர்க்கார நீரைத் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பின்னரே இருவகைத் திரவங்களைக் கலந்து துளை வழியே ஊற்றி, நுரை பொங்கியதும் துளையை அடைக்க வேண்டும். இவற்றுள் ஒரு படி தவறினாலும், மேலுறையின் முனையில் ஈரம் ஒட்டியிருந்தாலும், சில ஆண்டுகளில் நீர் உட்புகுந்து நுரையைக் கெடுக்கும். வலையின் பலவீனமான இடம் மூட்டு என்பதை இத்துறையில் மறுப்பவர் எவருமில்லை. ஆனால் எந்த வகை மூட்டு எந்த மண்ணில் எத்தனை ஆண்டுகளில் தோற்றது என்ற விவரம் புகார்க் கோப்புகளில் தங்கிவிடுகிறது. அடுத்த ஆய்வுத் திட்டத்தை வகுப்பவருடைய கைக்கு அது வந்து சேர்வதில்லை.

புதிய பொருள்கள் வரும்போது இந்தக் குறை இன்னும் கனக்கிறது. எஃகுக் குழாய் 10 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சூடேறும்போது 100 மீட்டருக்கு 8 சென்டிமீட்டருக்கு மேல் நீளக்கூடியது. அதற்காக வளைவுகளையும் மெத்தைகளையும் வைத்துத்தான் வலைகள் வடிவமைக்கப்பட்டு வந்தன. முன்காப்பிட்ட எஃகுக் குழாய்க்கான ஈஎன் 253 என்னும் ஐரோப்பியத் தரநிலையும் 120 பாகைச் சூட்டை 30 ஆண்டுகள் தாங்கும் திறனை அடிப்படையாகக் கொண்டே எழுதப்பட்டது. சூடு குறைந்ததும் நெகிழிக்கு வழி திறந்தது. ஸ்வீடனின் லுண்ட் நகரத்து புருன்ஸ்ஹோக் பகுதியில், மாக்ஸ் 4 என்ற சிங்க்ரோட்ரான் ஆய்வுக்கூடத்தின் கழிவு வெப்பத்தைப் பயன்படுத்தி 65 பாகையை ஒட்டிய செல்நீரோடு இயங்கும் பெரிய வலையை கிராஃப்ட்ரிங்கன் நிறுவனம் 2019இல் தொடங்கி வைத்தது. அதையொட்டி ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்த கூல் டிஎச் திட்டத்தில், சூடு தாங்கும் பாலித்தீன் வகையால் ஆன முன்காப்பிட்ட குழாயை லோக்ஸ்டோர் உருவாக்கியது. துருப்பிடிக்காத, எளிதில் இணையக்கூடிய அந்தக் குழாய் வரவேற்கத்தக்க முயற்சியே. ஆயினும் நெகிழியின் சுவரைக் கடந்து நீராவி நுரைக்குள் செல்லக்கூடும் என்பதும், ஆக்சிஜன் நீருக்குள் வந்து நிலையத்தின் எஃகுப் பாகங்களை அரிக்கக்கூடும் என்பதும் நீங்கள் அறிந்தவையே. அவற்றைத் தடுக்கவே தடுப்பு அடுக்குகளைச் சேர்க்கிறீர்கள். அவ்வடுக்குகள் ஆய்வுக்கூடத்தின் விரைவு முதுமைச் சோதனையில் தேறியதும், மண்ணில் 20 ஆண்டுகள் கிடந்து தேறுவதும் ஒன்றாகா.

உங்கள் தயக்கத்தின் காரணங்கள் புரியாதவை அல்ல. ஒரே நிறுவனம் விற்பவராகவும், பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வின் கூட்டாளியாகவும், தரநிலைக் குழுவில் அமர்பவராகவும் இருக்கும்போது, குறையை வெளிப்படையாகச் சொன்னால் போட்டியாளர் அதைப் பயன்படுத்துவார், வாடிக்கையாளர் இழப்பீடு கேட்பார் என்ற அச்சம் இயல்பாகவே எழும். ஆனால் இங்கே எதிர் எடைக்கு வைக்க வேண்டியவை சில உண்டு. ஆய்வுத் திட்டம் மூன்று நான்கு ஆண்டுகளில் முடிகிறது. ஆய்வு மாணவர் பட்டம் பெற்று வேறிடம் போகிறார். பம்பும் பரிமாற்றியும் ஒரு தலைமுறைக்குள் மாற்றப்படுகின்றன. குழாய் மட்டும் 50 ஆண்டுகளுக்கு அங்கேயே கிடக்கிறது, அதன் விலையை அந்த ஊரின் குடும்பங்கள் மாதந்தோறும் கட்டிக்கொண்டிருக்கின்றன. டென்மார்க்கின் பெரும்பாலான வெப்ப நிறுவனங்கள் நகராட்சிகளுக்கோ நுகர்வோர் கூட்டுறவுகளுக்கோ சொந்தமானவை. தவறான மதிப்பீட்டின் சுமை கடைசியில் ஏறுவது வீட்டுக்காரரின் தலையில்தான். நிறுவனங்களின் உடைமையும் மாறுகிறது. லோக்ஸ்டோரையே 2021இல் அயர்லாந்தின் கிங்ஸ்பான் குழுமம் வாங்கியது. பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த நிலத்தடி அனுபவம் ஒரு நிறுவனத்தின் உட்கோப்புகளில் மட்டுமே இருக்குமானால், அத்தகைய கைமாற்றங்களில் அது சிதறிப்போவதைத் தடுக்க எந்த ஏற்பாடும் இல்லை.

விட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். சூடு குறைந்தால் குழாயைப் பெரிதாக்க வேண்டும் என்ற எளிய வாய்ப்பாட்டைப் பல வடிவமைப்பாளர்கள் இன்றும் பின்பற்றுகிறார்கள். லிஸ்ட்ரப் போன்ற திட்டங்களோ, கூடுதல் அழுத்தத்தை அனுமதித்தால் மெல்லிய குழாய்களே போதும் என்றும், அதற்குச் செலவாகும் பம்ப் மின்சாரம் மிச்சமாகும் வெப்பத்தோடு ஒப்பிட்டால் சிறிது என்றும் காட்டின. பெரிய விட்டத்தை விற்பது உங்களுக்கு ஆதாயம் என்றாலும், தேவைக்கு மிஞ்சிய விட்டம் குறிக்கப்பட்ட ஒப்பந்தப்புள்ளி வரும்போது அதைச் சுட்டிக்காட்டும் கடமை ஆய்வுக் கூட்டாளியாக அமர்ந்த நிறுவனத்துக்கு உண்டு.

எனவே இம்மடல் உங்களிடம் கேட்பது இதுதான். இனி நீங்கள் பங்கேற்கும் ஒவ்வொரு தாழ்வெப்பநிலைத் திட்டத்தின் விண்ணப்பத்திலும், பதித்த குழாய்களிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் மாதிரிகளைத் தோண்டியெடுத்துச் சோதிக்கும் ஏற்பாட்டைச் சேர்த்து எழுதுங்கள். அதற்கான பணத்தைத் தொடக்கத்திலேயே தனியே ஒதுக்கி, திட்டத்தின் ஆயுளைக் கடந்தும் நிலைக்கக்கூடிய ஓர் அமைப்பிடம் ஒப்படையுங்கள். சோதனையை உங்கள் ஆய்வுக்கூடத்தில் மட்டும் செய்யாமல் நடுநிலையான ஒன்றிலும் செய்வியுங்கள். நுரையின் கடத்துதிறன், அறைகளில் எஞ்சியுள்ள வாயு, நுரைக்கும் உட்குழாய்க்கும் இடையிலான பிடிப்பு, மூட்டின் ஈரநிலை ஆகியவற்றை, நல்லதோ கெட்டதோ, எவரும் படிக்கும்படி வெளியிடுங்கள். பொருளின் பெயரை மறைக்க வேண்டியிருந்தால் மறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஆண்டையும் வகையையும் மண்ணையும் இயங்கிய சூட்டையும் மறைக்காதீர்கள். மூட்டுத் தோல்விகளைப் போட்டி நிறுவனங்கள் கூட்டாகப் பதிவுசெய்யும் பொதுப் பதிவேடு ஒன்றையும் தொடங்குங்கள்.

இவற்றைத் தொடங்கப் புதிய திட்டம் எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. சோண்டர்பியின் குழாய்கள் மண்ணுக்குள் போய் பத்தாண்டுகள் கடந்துவிட்டன. லிஸ்ட்ரப்பின் குழாய்கள் அவற்றுக்கும் மூத்தவை. அவை எந்த ஆலையில், எந்த நுரையோடு, எந்தப் படலத்தோடு வெளிவந்தன என்ற ஆவணம் அவற்றைச் செய்தவர்களிடம் உண்டு. அங்கே ஒரு மீட்டர் குழாயையும் ஒரு மூட்டையும் வெட்டியெடுக்க, அந்த ஊர்களின் வெப்ப நிறுவனங்களிடம் அடுத்த கோடைக்குள் அனுமதி கேளுங்கள். கிடைத்த அளவீடுகளை அதே ஆண்டில் வெளியிடுங்கள்.